பெரிய ஆப்பை விட்டுவிட்டு திருகோணமலையில் சாமான் வாங்குவது எப்படி

ஒன்லைனில் சாமான் விற்கும் பெரிய ஆப்பைப் பற்றி, "இனி அந்த ஆப்பில் ஒன்றும் வாங்குவதில்லை" என்று முடிவெடுத்தவர்கள் பலர் செய்யும் முதல் வேலை, அன்றிரவே கணக்கை அழிப்பது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதல் நாளே அழித்தால் பழைய பில், வொறன்டி, வொலட்டில் கிடக்கும் காசு எல்லாம் சேர்ந்து போய்விடும். பிறகு ஒரு சார்ஜர் பழுதானதும் புதிய கணக்கு திறபடும்.

இலங்கையில் "ஒன்லைனில் எடுத்தது" என்றால் அநேகமாக டராஸ்தான். 2018இல் சீனாவின் அலிபாபா குழுமம் வாங்கிய நிறுவனம் அது. வெளிநாட்டு ஆப்களைப் பாவிப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பாலானவை பொருந்தும்.

திருகோணமலையில் இருப்பவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது சாமான் வரும் பாதையை. ஆப்பில் காணும் சார்ஜரும் சட்டியும் நிறையவே கொழும்பு புறக்கோட்டை வழியாக வருபவை. நமது பிரதான வீதியிலும் மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் உள்ள கடைகளுக்கான சரக்கும் அதே புறக்கோட்டையில் இருந்து லொறியில் ஏறித்தான் வருகிறது. ஆகவே சாமான் கிடைக்காமல் போகாது. எந்தச் சாமானை எந்த வழியால் எடுப்பது, பழுதானால் யார் முன்னால் போய் நிற்பது என்பதைத்தான் பழக வேண்டும்.

முதல் வாரம்: பட்டியல்

ஆப்பில் கடந்த 12 மாத ஓடர்களைத் திறந்து, ஒரு கொப்பியில் எழுதுங்கள். சாமான், டிலிவரிக் காசோடு சேர்த்து மொத்த விலை, இன்றைக்கும் பாவிக்கிறீர்களா இல்லையா, இந்த மூன்றும் போதும். டிலிவரிக் காசை விட்டுவிட்டு எழுதினால் பட்டியல் பொய் சொல்லும். 350 ரூபாய்ச் சாமானுக்கு டிலிவரி தனியாகக் கட்டியிருந்தால், கடையில் 500 ரூபாய் கேட்டபோது "விலை கூட" என்று திரும்பி வந்ததில் அர்த்தம் இல்லை.

பாவிக்காமல் அலுமாரியில் கிடப்பவற்றை வெட்டிவிடுங்கள். அவற்றுக்கு மாற்றுக்கடை தேடத் தேவையில்லை. மிச்சத்தை வகை பிரித்து, மாதத்துக்கு ஒரு வகையாக வெளியே கொண்டுவாருங்கள். குசினிச் சாமான், பிளாஸ்டிக், துடைப்பம் போன்றவை முதலில். போனும் கணினி உதிரிப்பாகமும் கடைசியில். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றப் போகிறவர்கள்தான் அலுத்துப்போய் பழையபடி ஆப்புக்குத் திரும்புகிறார்கள்.

கணக்கை முடக்குவது

இந்தக் கட்டத்தில் அழிக்க வேண்டாம், முடக்கினால் போதும். சேமித்து வைத்த காட் விபரங்களை நீக்குங்கள். அறிவிப்புகளை நிறுத்துங்கள். வங்கி ஆப்பில் காட்டின் இணையப் பரிவர்த்தனையையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் தனித்தனியாக அணைத்து வைக்கும் வசதி இருந்தால், இரண்டையும் அணையுங்கள். திடீர் ஆசையில் வாங்கும் பழக்கத்தை இது ஒன்றே பாதி குறைக்கும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்.

இந்த முடக்கத்தை ஒக்டோபர் முடிவதற்குள் செய்தால் நல்லது. நவம்பர் 11, டிசம்பர் 12 தள்ளுபடிகள் நமக்கு வடகீழ்ப் பருவ மழையோடுதான் வரும். வீதியில் வெள்ளம், பார்சல் தாமதம், நனைந்த பெட்டி எல்லாம் அந்த மாதங்களில்தான். இன்னொன்று: வெட்டிக் காட்டும் பழைய விலை என்பது விற்பவர் எழுதி வைத்த எண். தள்ளுபடி உண்மையா என்று பார்க்க, அதே மொடலின் விலையை நகரத்தில் இரண்டு கடைகளில் கேட்டால் போதும்.

வொறன்டி இன்னும் முடியாத ஒவ்வொரு சாமானுக்கும் ஓடர் இலக்கம், விற்பவரின் பெயர், திகதி, தொடர் இலக்கம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒரு கோப்புறையில் போடுங்கள். கடைப் பில்லுக்கும் இதே கதைதான். மெசினில் அடித்துத் தரும் வழுவழுப்பான பில் வெப்பத்துக்கு மங்கும் தாள். திருகோணமலை வெயிலில் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் கிடந்தால் வொறன்டி முடிவதற்கு முன்பே எழுத்து போய்விடும். வாங்கிய அன்றே படம் எடுங்கள்.

போவதற்கு முன் கேளுங்கள்

ஆப்பை விட்டவர்கள் அதிகம் குறைப்படுவது, நாலு கடை ஏறி இறங்கியும் சாமான் இல்லை என்பது. கடைக்குப் போய்த் தேடினால் அப்படித்தான் ஆகும். இன்று நகரத்தில் ஓரளவு பெரிய கடைகளுக்கெல்லாம் வட்ஸ்அப் இலக்கம் இருக்கிறது. பெயர்ப்பலகையிலோ பில்லிலோ இருக்கும், எங்கு போனாலும் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில் உங்கள் போனே ஒரு கடைப் பட்டியலாகிவிடும்.

கேட்கும் முறை முக்கியம். "பிளெண்டர் இருக்கா?" என்றால் "இருக்கு" என்றுதான் பதில் வரும், போனால் வேறொன்று இருக்கும். இப்படிக் கேளுங்கள்:

"வணக்கம் அண்ணன். இந்தப் படத்தில் இருக்கிற பிளெண்டருக்குச் சின்ன ஜார் வேணும். மொடல் நம்பர் அடியில் இருக்கு, அதையும் அனுப்பியிருக்கிறன். இருந்தால் கடைசி விலை சொல்லுங்கோ. இல்லாட்டி அடுத்த லொறியில் எடுத்துத் தர ஏலுமா? எத்தினை நாள் ஆகும்?"

முஸ்லிம் கடைக்காரர் என்றால் "நானா" என்று தொடங்குங்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உடைந்த பாகம் என்றால் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்துப் படமெடுங்கள். வொஷர், ரப்பர் வளையம், திருகாணி, பைப் இணைப்பு எல்லாம் அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்பதில்தான் பிழைக்கும். முடிந்தால் பழைய பாகத்தையே கையோடு கொண்டுபோங்கள்.

"அடுத்த லொறியில் எடுத்துத் தர ஏலுமா" என்ற கேள்விதான் ஆப்புக்கு உண்மையான மாற்று. கடைக்காரர் எப்படியும் கொழும்பில் இருந்து சரக்கு எடுக்கிறார், உங்கள் ஒரு சாமானை அதோடு போட்டுவிடுவார். முற்பணம் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் பில் புத்தகத்தில் சாமானின் பெயர், மொடல், மொத்த விலை, கொடுத்த முற்பணம், வரும் திகதி ஐந்தையும் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லில் விட்டால் வரும்போது விலை கூடியிருக்கும், அல்லது நிறம் மாறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் பூட்டியிருக்கும். போயா நாளில் வங்கியும் தபாற்கந்தோரும் இல்லை. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்தில் இருந்து வருபவர்கள் இதைப் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள்.

எதை எங்கே எடுப்பது

*மின்சாதனங்கள்.* நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிளக் 13 அம்பியர், சதுரக் கால் மூன்று. வெளிநாட்டு ஆப்பில் எடுத்த பொருளில் தட்டைக் கால் இருந்தால், அடப்டர் போட்டாலும் எர்த் இணைப்பு கிடைக்காமல் போகலாம். உலோக உடம்புள்ள கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி போன்றவற்றில் அது உயிராபத்து. கடையில் வாங்கும்போது பிளக்கிலும் வயரிலும் சுவிட்சிலும் எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தர முத்திரையைப் பாருங்கள்.

சீலிங் பேன், கிரைண்டர், பிரிட்ஜ் எடுக்கும்போது விலைக்கு முன் கேட்க வேண்டியது, "வொறன்டியை யார் பார்ப்பது?" கடையே பார்ப்பதா, கொம்பனியின் சேர்விஸ் நிலையம் திருகோணமலையில் உண்டா, அல்லது கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா? அனுப்புவதென்றால் போக வர லொறிக் கூலி யாருடையது? சிங்கர், ஏபான்ஸ் போன்ற பெரிய காட்சியறைகளில் விலை சிலவேளை கூடுதலாக இருக்கும், அந்தக் கூடுதலில் ஒரு பகுதி இந்தக் கேள்விக்கான பதில்தான். "மோட்டாருக்கு வொறன்டி" என்று எழுதியிருந்தால் ரெகுலேட்டருக்கும் கப்பாசிட்டருக்கும் இல்லை என்று அர்த்தம். பேன் மெதுவாகச் சுற்றத் தொடங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கப்பாசிட்டரை. மின்சாதனம் திருத்தும் கடையில் சிறு காசுக்கு மாற்றிவிடலாம், புதிய பேன் தேவையில்லை.

கடைக்குள்ளேயே பெட்டியைத் திறந்து, பிளக்கில் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். ஆப்பில் கிடைக்காத வசதி இது. கூச்சப்பட ஒன்றும் இல்லை, கடைக்காரரே எதிர்பார்ப்பார்.

*உப்புக் காற்று.* உப்புவெளி, நிலாவெளி, உட்துறைமுகப் பக்கம் வீடுள்ளவர்கள் ஆப்பில் எடுத்த கொக்கி, கதவுப் பிணைச்சல், உடுப்புக் காயவிடும் ஸ்டாண்ட் ஆகியவை ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிப்பதைக் கண்டிருப்பார்கள். படத்தில் மினுங்குவது அநேகமாக இரும்பின் மேல் மெல்லிய பூச்சு. ஹார்ட்வெயார் கடையில் 304 தர எவர்சில்வர் என்று கேளுங்கள். கடலுக்கு மிகக் கிட்ட என்றால் 316. அது கிடைக்காத இடத்தில் பித்தளை. காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது ஒரு சிறு சோதனை: 304, 316 இரண்டும் காந்தத்தில் பலமாக ஒட்டாது. வளைத்த இடத்தில் லேசாக இழுக்கலாம், அதை வைத்து மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள்.

கயிறு, தார்ப்பாய், ஐஸ் பெட்டி, நைலோன் நூல் போன்றவற்றுக்கு மீன்பிடிச் சாமான் கடைக்குப் போங்கள். கடலுக்குப் போகிறவர்கள் வாங்கும் கடையில் பலமில்லாத கயிறு அதிக நாள் விலைப்படாது. தார்ப்பாயைத் தடிப்பும் ஓரத்து வளையங்களும் பார்த்து எடுக்கலாம், படத்தில் இரண்டும் தெரியாது.

*போனும் அதன் சாமான்களும்.* போனைப் பெட்டியில் இருந்து எடுத்து *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்ஈஐ எண், அதாவது அந்தப் போனின் தனி அடையாள எண் வரும். அது பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். பிறகு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தில் IMEI என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். 2025 ஜனவரி 28 முதல், பதிவில்லாத புதிய போன்களுக்கு இங்குள்ள வலையமைப்புகளில் இடமில்லை என்பதால், காசு கொடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனை இது. பதில் வரும்வரை கடையில் நில்லுங்கள்.

மெமரி காட், பென் டிரைவ் இரண்டிலும் பொய்க் கொள்ளளவு அதிகம். கணினியில் 128 ஜிபி என்று காட்டும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். நிரம்பியபின் எழுதும் படங்கள் பழையவற்றின் மேல் ஏறி எல்லாம் கெடும். வாங்கிய அன்றே முழுவதையும் நிரப்பி, திரும்ப வாசித்துப் பார்க்க வேண்டும். இதற்கென்று எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), எஃப்3 (F3) என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பிழைத்தால் மறுநாள் பில்லோடு கடைக்குப் போகலாம்.

*உடுப்பு.* இங்கே ஆப்புக்கு எந்தச் சாதகமும் இல்லை. அளவு பிழைத்துத் திருப்பி அனுப்பும் அலைச்சலுக்கு, துணி எடுத்துத் தைப்பதே மேல். முதலில் தையல்காரரிடம் போய் எத்தனை மீற்றர், எந்த அகலத் துணி என்று கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு துணிக்கடைக்குப் போங்கள். மாறிச் செய்தால் கால் மீற்றர் குறையும். ஜன்னல் சீலைக்குக் கம்பியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு துணி அகலம் வேண்டும்: 5 அடிக் கம்பிக்கு 10 அடி. பருத்தி என்றால் வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், சுருங்கும்.

*புத்தகங்கள்.* தமிழ்ப் புத்தகத்துக்கு பூபாலசிங்கம் புத்தகசாலை போன்ற கடைகளுக்கு போன் பண்ணி, தலைப்பும் பதிப்பகமும் சொல்லிக் கேட்கலாம். ஈழத்துப் பழைய நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் நூலகம் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. வாங்குமுன் அங்கே ஒருமுறை தேடுங்கள். அமேசனின் மின்னூல் வாசிக்கும் கருவியான கிண்டில் வைத்திருந்து அமேசனையும் விட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி வயர் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அந்த நிறுவனம் 2025 பெப்ரவரி 26இல் நிறுத்திவிட்டது. கணக்கை மூடினால் அந்தப் புத்தகங்களும் போகும். வாசிக்க வேண்டியதை முதலில் வாசித்து முடியுங்கள்.

*பலசரக்கு.* இதை ஆப்பில் எடுப்பவர்கள் குறைவு, அதனால் சுருக்கமாக: பெட்டி விலையைப் பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். விலையை கிராமால் பிரித்து 100ஆல் பெருக்கினால் வரும். சதொச, கூட்டுறவுக் கடை, புட்சிற்றி, பக்கத்துக் கடை நாலிலும் ஒரே சாமானின் விலை ஒரே வரிசையில் இராது.

கொழும்பில் இருந்து நேரே எடுப்பது

நகரத்தில் இல்லாததும், கடைக்காரர் எடுத்துத் தர விரும்பாததும் சில இருக்கும். அதற்கு எந்தத் தெருவில் எது என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. மின்சார, இலத்திரனியல் சாமான்கள் புறக்கோட்டை 1ஆம் குறுக்குத்தெருப் பக்கம். புடவை 2ஆம் குறுக்குத்தெருவும் கெய்சர் வீதியும். இரும்புச் சாமான், கருவிகள் பழைய சோனகத் தெரு. வாகன உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தை. கணினி என்றால் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசா. வரைபடத்தில் இந்தத் தெருக்களைப் போட்டுத் தேடினால் கடை இலக்கங்கள் கிடைக்கும்.

இரண்டு மூன்று கடைகளில் விலையை எழுத்தில் கேளுங்கள். பொதி கட்டும் கூலியும் பஸ்ஸுக்கோ லொறிக்கோ கொண்டுபோய்ப் போடும் கூலியும் சேர்ந்ததா என்று கேட்க மறக்க வேண்டாம். முதல் தடவை சிறு தொகைக்கு வாங்கிப் பாருங்கள். வங்கி ஆப்பில் அனுப்பும் பணம் உடனே மற்றவர் கணக்கில் விழுந்துவிடும், பிறகு வங்கி தன்பாட்டில் திருப்பி எடுத்துத் தராது. கணக்கின் பெயர் கடையின் பெயராக இல்லாமல் தனியாளின் பெயராக இருந்தால், ஏன் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பொதி வரும் வழிகள்: கூரியர், தபால், ரயில் பார்சல், லொறி சேர்விஸ், இரவு பஸ். பஸ்ஸில் போட்டால் மலிவு, விடியற்காலையில் கையில் கிடைக்கும், ஆனால் பொறுப்பேற்க யாரும் இல்லை. பஸ் இலக்கம், புறப்பட்ட நேரம், கொண்டக்டரின் போன் இலக்கம் மூன்றையும் வாங்காமல் பஸ்ஸில் போட விடாதீர்கள். கண்ணாடி, திரை, பீங்கான் போன்றவற்றை பஸ்ஸில் போடவே வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை எதை அனுப்பச் சொன்னாலும் உள்ளே ஒரு பொலித்தீன், வெளியே ஒரு பொலித்தீன் என்று சொல்லுங்கள். பெயரும் போன் இலக்கமும் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் இருக்க வேண்டும்.

முகவரியில் தபால் இலக்கத்தை எழுதுங்கள்: திருகோணமலை 31000, கிண்ணியா 31100, மூதூர் 31200. கொழும்பில் பொதி பிரிப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம், ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ ஒரு வரி சேர்த்துவிட்டால் பொதி சுற்றித் திரியாது. "லிங்கநகர், கோயிலுக்குப் பக்கத்தில்" என்றால் எந்தக் கோயில் என்று கூரியர்ப் பொடியன் போன் எடுப்பார். அந்த நேரம் போனைக் கையில் வைத்திருங்கள், எடுக்காவிட்டால் பொதி திரும்பிப் போகும்.

முகநூல் கடைகள்

நல்லவர்களும் இருக்கிறார்கள், வீட்டில் இருந்து நேர்மையாகத் தொழில் செய்யும் பெண்கள் நிறையப் பேர். பிரித்தறிய: பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதியில் அது எப்போது தொடங்கியது, பெயர் எத்தனை தடவை மாறியது என்று பாருங்கள். போன மாதம் சமையல் குறிப்புப் பக்கமாக இருந்தது இந்த மாதம் போன் விற்றால் விலகுங்கள். சாமானின் இன்னொரு படம், ஒரு தாளில் இன்றைய திகதி எழுதிப் பக்கத்தில் வைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். கையில் சாமான் இல்லாதவரால் தர முடியாது.

முதல் ஓடரை, பொதி வந்ததும் காசு கொடுக்கும் முறையில் போடுங்கள். அநேகமாகக் காசு கொடுக்குமுன் திறக்க விடமாட்டார்கள். அதனால் பெட்டியின் முகவரி லேபிளில் தொடங்கி, வெட்டித் திறந்து, சாமான் வெளியே வரும்வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். இடையில் நிறுத்திய வீடியோவை விற்பவர் ஏற்கமாட்டார், அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் ஏற்கமாட்டீர்கள். ஓடிபி இலக்கத்தை டிலிவரிக்காக யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தபால் திணைக்களத்தின் பெயரில் "உங்கள் பொதி நிற்கிறது, இந்த இணைப்பில் காசு கட்டுங்கள்" என்று வரும் செய்திகளில் பொய்யானவை நிறைய. சந்தேகம் என்றால் இணைப்பை அழுத்தாமல் தபாற்கந்தோருக்கே போய்க் கேளுங்கள்.

இக்மன் போன்ற விளம்பரத் தளங்களில் பாவித்த சாமான் எடுப்பவர்களுக்கு ஒரே விதி: பார்க்காமல் முற்பணம் இல்லை. சந்திப்பது பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில்.

பிழைத்தால்

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. குறித்த விலைக்கு மேல் விற்பது குற்றம். முதலில் கடைக்குப் போய்ப் பேசுங்கள், காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில், பில்லோடு. பெரும்பாலும் அங்கேயே முடியும். அதே ஊரில் நாளைக்கும் கடை திறக்க வேண்டியவர் அவர். முடியாவிட்டால் என்ன பேசினீர்கள் என்பதை வட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பி எழுத்தில் வையுங்கள். பிறகு அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளில் இருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாத முறைப்பாடு நிற்காது. "பில் வேண்டாம் என்றால் 200 குறைக்கிறேன்" என்பவருக்குப் பதில் சொல்லுமுன் இதை நினையுங்கள்.

கணக்கை மூடுவது

கொப்பியில் எல்லா வகைக்கும் ஒரு கடையோ ஒரு வழியோ எழுதிய பிறகுதான் இது. வொலட்டில் மிச்சம் இருந்தால், எப்படியும் தேவைப்படும் ஒரு சாமானை எடுத்து முடித்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கால எல்லையில் உள்ள ஓடர், வரவேண்டிய மீள்பணம் ஒன்றும் இல்லை என்று பாருங்கள். கூகுள், முகநூல் வழியாக உள்நுழைந்திருந்தால் அந்தக் கணக்குகளின் அமைப்பில் போய் ஆப்பின் அனுமதியை நீக்குங்கள். அதன்பிறகு ஆப்பின் கணக்கு அமைப்பில் "கணக்கை நீக்கு" என்பதை அழுத்தலாம். ஆப்பைப் போனில் இருந்து எடுப்பதால் மட்டும் கணக்கு அழியாது.

கிரெடிட் காட்டில் வட்டியில்லாத் தவணைக்கு ஏதும் எடுத்திருந்தால், அந்தத் தவணை வங்கியோடு உள்ள ஒப்பந்தம். கணக்கை மூடினாலும் மாதாமாதம் வெட்டப்படும், கடைசித் தவணை வரை வங்கிக் கூற்றைப் பார்த்துக்கொண்டிருங்கள்.